துயரச் செய்திகளுக்கு நடுவே: பார்ப்பது எவ்வளவு, செய்வது எவ்வளவு?



மாதத்தின் முதல் ஞாயிறு அன்று மருந்து உதவியும் படிப்பு உதவியும் வாங்க நம் அறக்கட்டளை அலுவலகத்துக்குக் குடும்பங்கள் வருவது வாசகர்களுக்குத் தெரியும். வருகிறவர்கள் வீட்டு விஷயங்களையும் எங்களிடம் சொல்வார்கள். விலைவாசி, மகனின் விசா, மகளின் கல்யாணம் என்றிருந்த அந்தப் பேச்சில் இப்போது வேறொன்றும் சேர்ந்திருக்கிறது.

“காக்கா, எம் மவ ராத்திரியில தூங்குறதே இல்ல. போர்வைக்குள்ள போன வச்சுக்கிட்டு காஸா வீடியோவே பாத்துக்கிட்டிருக்கா. சோத்துல கை வச்சா அழுவுறா. ‘அங்க புள்ளைங்க பட்டினி கெடக்குது, நாம மட்டும் திங்கிறதாம்மா’ங்குறா. நான் என்ன சொல்றது?”

பதினேழு வயது மகளைப் பற்றி ஓர் உம்மா எங்களிடம் சொன்னது இது. இன்னொரு வீட்டில் ஓய்வுபெற்ற வாப்பா சுபுஹு தொழுதுவிட்டு வந்து தொலைக்காட்சியைப் போட்டால் இரவு பதினொரு மணிக்குத்தான் அணைக்கிறார். பேரப்பிள்ளைகள் சத்தம் போட்டால் எரிந்து விழுகிறார். ரத்த அழுத்த மாத்திரையின் அளவை மருத்துவர் கூட்டிவிட்டார். நம் தொண்டர்களில் ஓர் இளைஞர் சொன்னது இதற்கு நேர் மாறானது. “ஆரம்பத்துல அழுதேன். இப்ப எதைப் பாத்தாலும் ஒண்ணும் தோண மாட்டேங்குது. அதுதான் பயமா இருக்கு” என்றார்.

அழுகையை நிறுத்த முடியாதவர், கோபத்தை அடக்க முடியாதவர், மரத்துப் போனவர் ஆகிய இந்த மூவருக்கும் வந்திருப்பது ஒரே சிரமம்தான். இவர்களுக்கு ஊரில் இரண்டு விதமான பதில்கள் கிடைக்கின்றன. ஒன்று, “அதையெல்லாம் பார்க்காதே, உன் வேலையைப் பார்” என்பது. மற்றது, “ஈமான் இருந்தால் பார்த்துத்தான் ஆக வேண்டும்” என்பது. முதல் பதில் மனதைக் கல்லாக்குகிறது. இரண்டாவது பதில் மனதை நோயாக்குகிறது. தீன் நமக்குக் காட்டும் வழி இவை இரண்டும் இல்லை. அது என்ன என்பதை இந்த மாதப் பாடத்தில் பார்ப்போம்.

இந்த வலி தவறா?

தவறில்லை. முஃமின்கள் ஒரே உடலைப் போன்றவர்கள் என்றும், ஓர் உறுப்பு நோயுற்றால் உடல் முழுவதும் தூக்கமின்மையாலும் காய்ச்சலாலும் அதோடு சேர்ந்து துன்பப்படும் என்றும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை நாம் சிறு வயதிலிருந்தே கேட்டு வருகிறோம். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஆகவே அந்தப் பிள்ளையின் அழுகையை யாரும் கேலி செய்யக் கூடாது. அது உயிருள்ள உள்ளத்தின் அடையாளம்.

ஆனால் அந்த உவமையை இன்னும் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். காலில் முள் குத்தினால் வலி உடம்பெல்லாம் பரவுகிறது. முள்ளை எடுப்பதோ கை. கையும் சேர்ந்து நடுங்கிக்கொண்டே இருந்தால் முள்ளை எடுப்பது யார்? காய்ச்சல் அளவோடு இருந்தால் உடம்பு நோயை எதிர்க்கிறது என்று பொருள். அளவு மீறினால் காய்ச்சலே ஆபத்து. துக்கமும் அப்படித்தான்.

நம் உடம்பை அல்லாஹ் படைத்திருக்கும் விதத்தையும் அறிந்துகொள்வது நல்லது. ஆபத்தைக் கண்டவுடன் அட்ரினலின், கார்டிசால் போன்ற சுரப்பு நீர்கள் ரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, தூக்கம் விலகுகிறது. ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடம்பு தயாராகிறது. ஓடி முடித்ததும் அது தானாக அடங்கும். கைப்பேசியில் குண்டு விழுவதைப் பார்க்கிறவரின் உடம்பும் அப்படியே தயாராகிறது. ஆனால் ஓடவும் வழியில்லை, எதிர்க்கவும் வழியில்லை. அது அடங்குவதற்குள் விரல் அடுத்த வீடியோவைத் தள்ளுகிறது. இரவு இரண்டு மணி வரை இப்படி நடந்தால் உடம்பு என்ன ஆகும்?

2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாரத்தான் ஓட்டத்தின்போது குண்டுகள் வெடித்தன. அடுத்த சில வாரங்களில் ஆய்வாளர்கள் மக்களிடம் விசாரித்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். வெடிப்பு நடந்த இடத்திலோ அருகிலோ இருந்தவர்களைவிட, அந்த வாரத்தில் தினமும் 6 மணி நேரமும் அதற்கு மேலும் அதைப் பற்றிய செய்திகளைப் பார்த்தவர்களிடம் மன அழுத்தத்தின் அறிகுறிகள் அதிகமாகக் காணப்பட்டன. திரும்பத் திரும்பப் பார்ப்பதும் ஒரு வகைக் காயம்தான் என்று இதிலிருந்து தெரிகிறது.

நபிமார்கள் எப்படித் துக்கப்பட்டார்கள்?

நம்மில் பலர் வெள்ளிக்கிழமை தோறும் சூரத்துல் கஹ்ஃப் ஓதுகிறோம். அதன் ஆறாவது வசனத்தின் பொருளைக் கவனித்திருக்கிறோமா? மக்கள் சத்தியத்தை ஏற்கவில்லையே என்ற துக்கத்தில் நபியே, உம்மையே நீர் அழித்துக்கொள்வீரோ என்ற கருத்தில் அல்லாஹ் கேட்கிறான். சூரத்துஷ் ஷுஅராவின் தொடக்கத்திலும் இதே கருத்து வருகிறது. உலகத்துக்கே அருட்கொடையாக வந்தவரின் துக்கம், அதுவும் மிக உயர்ந்த காரணத்துக்கான துக்கம், அதற்கும் ஓர் எல்லை உண்டு என்று அல்லாஹ்வே சொல்லித் தருகிறான். அப்படியானால் நம் துக்கத்துக்கு எல்லை வைப்பது எப்படிக் கல்நெஞ்சம் ஆகும்?

யஃகூப் (அலை) அவர்களைப் பாருங்கள். யூசுஃபை நினைத்து அழுது அழுது கண்கள் வெளுத்தன. அந்த நிலையிலும் அவர்கள் இரண்டு காரியங்களை விடவில்லை. தன் துக்கத்தை முறையிட வேண்டிய இடம் அல்லாஹ்வின் சன்னிதானம் என்று தெளிவாகச் சொன்னார்கள். பிள்ளைகளை அழைத்து, போய் யூசுஃபையும் அவருடைய சகோதரரையும் தேடுங்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று அனுப்பினார்கள். கண் பார்வை போன பிறகும் வேலை நின்றுவிடவில்லை.

மூன்றாவது நிகழ்ச்சிதான் இந்தப் பாடத்தின் மையம். ஹிஜ்ரி 4-இல் நடந்தது பிஃரு மஊனா. குர்ஆனை நன்கு ஓதத் தெரிந்த சுமார் எழுபது ஸஹாபாக்கள், பகலில் விறகு வெட்டி விற்று ஏழைகளுக்கு உணவு கொடுத்தவர்கள், இரவில் நின்று வணங்கியவர்கள், மார்க்கம் கற்பிப்பதற்காக அனுப்பப்பட்டார்கள். வழியில் துரோகத்தால் கொல்லப்பட்டார்கள். அந்தச் செய்தி வந்தபோது நபி (ஸல்) அவர்கள் அடைந்த துக்கத்தைப் போல் வேறெந்த துக்கத்தையும் தான் கண்டதில்லை என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள்.

அந்தப் பெருந்துக்கத்தை நாயகம் (ஸல்) என்ன செய்தார்கள்? தொழுகையில் குனூத்தாக ஆக்கினார்கள். ஒரு மாத காலம் தொழுகையில் நின்று துஆச் செய்தார்கள். பின்னால் நின்ற மக்கள் ஆமீன் சொன்னார்கள். நம் பள்ளிவாசல்களில் சுபுஹில் அன்றாடம் குனூத் ஓதுகிறோம். சோதனைக் காலத்தில் மற்றத் தொழுகைகளிலும் ஓதும் குனூத்துன் நாஸிலாவுக்கு இதுவே ஆதாரம்.

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். துக்கத்துக்கு ஓர் இடம் கிடைத்தது; அது தொழுகை. துக்கத்துக்கு ஒரு நேரம் கிடைத்தது. ருகூஉக்குப் பின் நிலையில் நிற்கும் அந்தச் சில நிமிடங்கள், ஒரு மாதம் வரை. துக்கத்துக்கு ஒரு துணையும் கிடைத்தது. ஆமீன் சொல்லும் ஜமாஅத். தொழுது முடித்த பிறகு மதீனாவின் வேலைகள் நடந்தன. நோயாளிகள் விசாரிக்கப்பட்டார்கள், குடும்பம் கவனிக்கப்பட்டது, பாடம் நடந்தது.

இப்போது கைப்பேசியை எடுத்துக்கொள்வோம். அதில் வரும் துக்கத்துக்கு இடம் இல்லை. படுக்கையிலும் வருகிறது, சாப்பாட்டு ஸஹனிலும் வருகிறது. நேரம் இல்லை, நள்ளிரவிலும் வருகிறது. துணை இல்லை, போர்வைக்குள் தனியாக ஒரு பிள்ளை அதைச் சுமக்கிறது. நம் வீடுகளில் நடக்கும் சிரமத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. துக்கம் அதிகமாகிவிட்டது என்பதைவிட, அதற்கு இடமும் நேரமும் துணையும் இல்லாமல் போய்விட்டது என்று சொல்வதே சரி.

இன்னொரு முன்மாதிரியும் உண்டு. மக்காவில் காஃபிர்களிடம் சிக்கியிருந்த வலீத் இப்னு வலீத், ஸலமா இப்னு ஹிஷாம், அய்யாஷ் இப்னு அபீ ரபீஆ (ரலி) ஆகியோருக்காக நாயகம் (ஸல்) பெயர் சொல்லி துஆச் செய்தார்கள். அபூஹுரைரா (ரலி) இதை அறிவிக்கிறார்கள். உலகத்துத் துயரத்தையெல்லாம் ஒரே மூச்சில் நினைத்துத் திணறாமல், குறிப்பிட்ட சிலரைப் பெயரோடு நினைத்துக் கேட்பது உள்ளத்தை உறுதிப்படுத்தும்.

எங்கள் தவறுகள் இரண்டு

ஊருக்கு உபதேசம் சொல்லும் முன் எங்கள் குறையையும் சொல்லிவிட வேண்டும்.

நம் அறக்கட்டளையின் வாட்ஸ்அப் குழுவில் இடிபாடுகளுக்குள் கிடக்கும் ஒரு குழந்தையின் படத்தை காஸா என்று போட்டு நாங்களே பகிர்ந்தோம். அது 2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியிலும் சிரியாவிலும் நடந்த பூகம்பத்தின்போது எடுத்த படம் என்று கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவர் எடுத்துச் சொன்னார். நீக்குவதற்குள் அது பல குழுக்களுக்குப் போய்விட்டது. அச்சமோ ஆறுதலோ தரும் செய்தி வந்தால் உடனே பரப்பாமல் அறிந்தவர்களிடம் கொண்டுபோக வேண்டும் என்று சூரத்துந் நிஸாவின் 83-ஆவது வசனமும், செய்தியைத் தீர விசாரிக்க வேண்டும் என்று சூரத்துல் ஹுஜுராத்தின் 6-ஆவது வசனமும் போதிக்கின்றன. இரண்டையும் மதரஸாவில் ஓதிக்கொடுத்தவர்கள் நாங்கள். உண்மையான கொடுமைக்குப் பொய்ப் படத்தைச் சாட்சியாகக் காட்டினால், நாளை உண்மைப் படத்தையும் உலகம் நம்பாது.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரிது. இஷா தொழுகைக்குப் பிறகு நிர்வாகிகள் நாலைந்து பேர் அலுவலகத்தில் உட்கார்ந்து அன்றைய வீடியோக்களைப் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதும் வழக்கமாகிப் போனது. அந்த மாதங்களில் தனியாக வசிக்கும் ஒரு மூதாட்டி இரண்டு முறை மருந்துக் கூப்பன் வாங்க வரவில்லை. பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன. நாங்கள் பார்க்கவில்லை. நாங்கள் வீடியோ பார்த்த மேசையின் டிராயரில்தான் அந்தப் பதிவேடு இருந்தது.

அவர் வீட்டு முற்றத்தில் வழுக்கி விழுந்திருந்தார். அடுத்த வீட்டு இந்துச் சகோதரிதான் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய்க் கட்டுப் போட்டு வந்து, கஞ்சி காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்து நாங்கள் போய் மன்னிப்புக் கேட்டபோது அந்த மூதாட்டி, “ஒலகமே பத்தி எரியுது வாப்பா, எங் காலு ஒரு காலா” என்றார். எங்களைத் தேற்றுவதற்காகச் சொன்னார். எங்களுக்கு அது தேறுதலாக இல்லை. தூரத்துப் பசிக்காகக் கண்ணீர் விட்டோம். பக்கத்துப் பசிக்கு அடுத்த வீட்டுச் சகோதரி கஞ்சி காய்ச்சினார்.

பார்ப்பதே ஒரு சேவை என்று எங்களை அறியாமல் நம்பிவிட்டோம். அன்றிரவு எங்களுக்கு அது புரிந்தது.

“பார்க்காவிட்டால் துரோகம் ஆகாதா?”

இளைஞர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. அநியாயத்தைக் கையாலோ நாவாலோ தடுக்க வேண்டும், முடியாவிட்டால் உள்ளத்தாலாவது வெறுக்க வேண்டும் என்பது நபிமொழி. அநியாயம் நடப்பதை அறியாமல் இருப்பவர் எப்படி வெறுப்பார்? ஆகவே அறிந்திருக்க வேண்டும். பேச வேண்டிய இடத்தில் பேச வேண்டும். சட்டத்துக்கு உட்பட்டுக் குரல் கொடுக்க வேண்டும். இதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் அறிவது வேறு, மூழ்குவது வேறு. நாள் முழுவதும் வீடியோ பார்க்கிற ஒருவரிடம் சூடானைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அங்கே 2023 ஏப்ரல் 15 அன்று போர் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் வடக்கு தார்ஃபூரின் ஜம்ஜம் அகதிகள் முகாமில் பஞ்சம் நிலவுவதாக உறுதி செய்யப்பட்டது. இது நம் குழுக்களில் எத்தனை பேர் கண்ணில் பட்டது? எதைப் பார்க்க வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுப்பதில்லை. எதைக் காட்டினால் நம் கண் விலகாதோ அதைச் செயலி காட்டுகிறது. ஆறு மணி நேரம் பார்ப்பவரைவிட, இருபது நிமிடம் ஒரு நல்ல செய்தித்தாளை வாசிப்பவர் அதிகம் அறிந்திருப்பார்.

நம் முன்னோரையும் நினைத்துப் பாருங்கள். 1912-இல் பால்கன் போரில் துருக்கியர் காயம்பட்டுக் கிடக்கும் செய்தி பத்திரிகைகள் வழியாக இந்தியாவுக்கு வந்தது. முஸ்லிம்கள் நிதி திரட்டினார்கள். டாக்டர் முக்தார் அகமது அன்சாரி தலைமையில் ஒரு மருத்துவக் குழு கப்பலேறித் துருக்கிக்குப் போய்க் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்தது. பின்னாளில் 1927-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அன்றைக்கு மக்கள் கண்டது நாளுக்குச் சில வரிகள். செய்ததோ வரலாற்றில் நிற்கிறது.

இன்னும் நெருங்கிய காலம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கடற்கரையை அழித்தபோது, பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவ மக்களுக்குச் சோறு சமைத்துப் போட்டார்கள். கல்யாணத்துக்கு வைத்திருந்த தேக்சாக்கள் அன்றைக்கு யாருக்கு என்று பார்க்காமல் அடுப்பேறின. அன்று நம் கையில் வாட்ஸ்அப் இல்லை. யாரும் எதையும் மறக்கவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் வீட்டு மய்யித்தைக் குளிப்பாட்டுகிறவர், தான் கண்டதை வெளியே சொல்வதில்லை. திரை கட்டி, துணி போர்த்தி, கண்ணியமாக அனுப்புகிறோம். அதே நாம் காஸாவின் பிள்ளையின் சிதைந்த உடலைக் காலை வணக்கச் செய்திகளுக்கு நடுவே அனுப்புவது சரியா? அந்த உம்மாவிடம் அனுமதி கேட்டோமா? இறந்தவரின் கண்ணியம் எல்லை தாண்டினாலும் கண்ணியம்தான்.

வீட்டில் கடைப்பிடிக்கச் சில முறைகள்

1. செய்திக்கு நேரம் குறியுங்கள். அஸருக்குப் பிறகு இருபது நிமிடம் போதும். சுபுஹுக்கு முன்னும் இஷாவுக்குப் பின்னும் வேண்டாம். வீடியோவைவிட எழுத்துச் செய்தியும் வானொலியும் நல்லவை. இரவில் எல்லாருடைய கைப்பேசியும் கூடத்தில் சார்ஜில் கிடக்கட்டும். வாப்பாவின் போனும் அங்கேயே இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள்.

2. வாட்ஸ்அப்பில் படங்களும் வீடியோக்களும் தானாகப் பதிவிறங்குவதை அமைப்பில் போய் நிறுத்துங்கள். குழுக்களின் ஒலியை அணையுங்கள். இரண்டும் இரண்டு நிமிட வேலை. தெரியாதவர்களுக்கு நம் அலுவலகத்தில் செய்து தருகிறோம்.

3. எதையும் பகிரும் முன் மூன்று கேள்விகள்: இது எங்கே நடந்தது? எப்போது நடந்தது? யார் சொன்னது? ஒன்றுக்காவது பதில் இல்லையென்றால் அது உங்களோடு நிற்கட்டும்.

4. துக்கத்துக்கு இடம் கொடுங்கள். மஃரிபு தொழுதபின் வீட்டார் சேர்ந்து உட்கார்ந்து ஐந்து நிமிடம் துஆச் செய்யுங்கள். வாரத்துக்கு ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் கான்யூனிஸ், அடுத்த வாரம் ஃபாஷிர், அதற்கடுத்த வாரம் காக்ஸ் பஜாரில் கிடக்கும் ரோஹிங்கியா மக்கள். அங்கே அழுகை வந்தால் அழட்டும். அழுகிறவருக்குப் பக்கத்தில் ஆள் இருக்கிறது.

5. கொடுப்பதை ஒழுங்காக்குங்கள். மாதம் நூறு ரூபாயானாலும் தவறாமல் உண்டியலில் போடுங்கள். யாரோ அனுப்பிய க்யூஆர் கோடுக்குப் பணம் அனுப்பாதீர்கள். துயரத்தின் பெயரால் ஏமாற்றுகிறவர்கள் உண்டு. வெளிநாட்டு உதவிக்குச் சட்ட விதிகளும் உண்டு. ரசீது தரும், கணக்குக் காட்டும் நிறுவனம் வழியாக மட்டுமே கொடுங்கள்.

6. பக்கத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். தனியாக வாழும் முதியவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், கணவரை இழந்த பெண் என ஒவ்வொரு வீடும் ஒருவரை வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். எந்தச் சமூகத்தவராக இருந்தாலும் சரி. உலகத்தின் தீயை நம்மால் அணைக்க முடியாமல் போகலாம். நம் தெருவில் ஓர் அடுப்பு எரிகிறதா என்று பார்க்க முடியும். கியாமத் நாள் வரும் நேரத்திலும் கையில் உள்ள கன்றை நட முடிந்தால் நட்டுவிடச் சொன்ன நபியின் உம்மத் நாம்.

7. வளைகுடாவில் உறவினர் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. 2025 ஜூன் 23 இரவு கத்தாரில் உள்ள அமெரிக்க ராணுவத் தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணைகளை ஏவியபோது, நம் ஊரில் பல வீடுகளில் விடியும் வரை விளக்கு எரிந்தது. ஒரே ஆளுக்குப் பத்துப் பேர் போன் போட்டார்கள். வதந்திகள் வேறு. இனி இப்படி நேர்ந்தால் வீட்டில் ஒருவர் மட்டும் பேசி மற்றவர்களுக்குச் சொல்லட்டும். அங்குள்ளவரும் ‘நலம்’ என்று ஒரு செய்தி போட்டுவிட்டுப் படுக்கட்டும்.

பிள்ளைகளிடம்

சிறு பிள்ளைகள் இருக்கும் அறையில் செய்தித் தொலைக்காட்சி ஓட வேண்டாம். நடப்பது எங்கோ, எப்போதோ என்று அவர்களுக்குப் பிரித்தறியத் தெரியாது. அதே கட்டடம் பத்து முறை விழுவதைப் பார்த்தால் பத்துக் கட்டடங்கள் விழுந்ததாகவே நினைப்பார்கள். பிள்ளை கேட்டால், “உனக்கு என்ன தெரியும்? யார் சொன்னா?” என்று முதலில் அவர்கள் வாயால் கேளுங்கள். பிறகு உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். நாம் பத்திரமாக இருக்கிறோம் என்று சொல்லுங்கள். அங்கே உதவி செய்யும் மருத்துவர்களைப் பற்றியும் சொல்லுங்கள். உண்டியலில் காசு போடும் வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள்.

வளர்ந்த பிள்ளைகளிடம் போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் துக்கம் ஒளிந்துகொள்ளும். அந்தப் பதினேழு வயது மகள் விஷயத்தில் நாங்கள் உம்மாவிடம் சொன்னது ஒன்றுதான்: “அவளைத் தனியாப் பாக்க விடாதீங்க. நீங்களும் பக்கத்துல உக்காருங்க. பாத்து முடிச்சதும் ரெண்டு பேரும் ஒளூச் செஞ்சு துஆக் கேளுங்க.” சாப்பாட்டைப் பற்றி, உணவை மறுப்பதால் அங்கே யாருக்கும் ஒரு கவளம் கூடாது, பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிட்டு, அதன் பலத்தால் ஒரு நல்ல காரியம் செய்தால் அதுவே நன்றி என்று அவளுக்கு எடுத்துச் சொன்னோம். இப்போது வியாழன் மாலைகளில் அந்தப் பிள்ளை மேலே சொன்ன மூதாட்டிக்குக் குர்ஆன் ஓதிக் காட்டப் போகிறாள். அழுகை முற்றிலும் நின்றுவிடவில்லை. சாப்பிடுகிறாள், தூங்குகிறாள்.

மருத்துவரிடம் எப்போது?

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, நெஞ்சு படபடப்பு, எந்த வேலையிலும் நாட்டமில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வருகிறது என்றால் தாமதிக்காதீர்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மனநோய்க்கு மருந்து சாப்பிடுவது ஈமான் குறைவின் அடையாளம் என்று யாராவது சொன்னால், சர்க்கரைக்கு அவர் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள்.

நாங்கள் எடுத்திருக்கும் முடிவு

நம் அறக்கட்டளைக் குழுவில் இனி நாளுக்கு ஒரு முறை, அஸருக்குப் பிறகு மட்டுமே உலகச் செய்தி வரும். சரிபார்த்த பிறகே வரும். இறந்தவர்களின் படங்கள் வராது. இஷாவுக்குப் பிறகு நிர்வாகிகள் கூடும்போது முதலில் திறப்பது பதிவேடு. காலிக் கட்டம் இருந்தால் மறுநாள் காலையில் ஒருவர் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்.

நாயகம் (ஸல்) அவர்கள் அடிக்கடி கேட்ட ஒரு துஆவை அவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அறிவித்திருக்கிறார்கள். கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் பாதுகாப்புத் தேடிய அதே மூச்சில் இயலாமையிலிருந்தும் சோம்பலிலிருந்தும் பாதுகாப்புத் தேடினார்கள். துக்கம் முற்றினால் கை ஓய்ந்துபோகும் என்பதை இதைவிட அழகாக யார் சொல்ல முடியும்? அந்த துஆவை வீட்டிலுள்ள எல்லாரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். தெரியாதவர்களுக்கு நம் மதரஸா உஸ்தாதுமார்கள் ஓதிக்கொடுப்பார்கள்.

குடும்பத்தோடு கலந்து பேச

• நேற்று நம் வீட்டில் ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் துயரச் செய்திகளைப் பார்த்தோம்? அதன் பிறகு என்ன செய்தோம்?

• நம் தெருவில் இந்த மாதம் யாரை நாம் பார்க்கவில்லை?

• இந்த வாரம் எந்த ஊர் மக்களுக்காக துஆச் செய்யப் போகிறோம்?

ஒடுக்கப்பட்டவர்களுக்கு அல்லாஹ் விடுதலை தருவானாக. பசித்தவர்களுக்கு உணவும், பயந்தவர்களுக்கு அபயமும் தருவானாக. நம் உள்ளங்களைக் கல்லாகாமலும் உடைந்து போகாமலும் காத்து, நம் கைகளை நல்ல காரியங்களில் ஈடுபடுத்துவானாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.